மோர்க்களி தேடிப் போன சனிக்கிழமைகள்

முதல்ல உங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க ஏரியாவுல எந்த ஹோட்டல்லயாவது மோர்க்களி கிடைக்குமா? இட்லி, தோசை, பொங்கல், பூரி எல்லாம் சரி. மோர்க்களி?

"அப்படின்னா என்ன?"ன்னு கேட்கிற ஹாஸ்டல் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அரிசி மாவைப் புளிச்ச மோரில் கட்டி இல்லாமல் கரைக்கணும். வாணலியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு, அதில் இந்தக் கரைசலை ஊற்றிக் கை வலிக்கக் கிளறணும். அவ்வளவுதான். சில வீடுகளில் மோர்க்கூழ் என்பார்கள். பார்க்க ஒண்ணுமே இருக்காது. வெள்ளையா, பளபளன்னு, நடுநடுவே கருப்பாக மிளகாய். போட்டோ எடுத்துப் போட்டா உங்க அம்மா மட்டும்தான் லைக் பண்ணுவாங்க.

இதைத் தேடித்தான் நானும் எங்க தாத்தாவும் கிட்டத்தட்ட நாலு மாசம், சனிக்கிழமை சனிக்கிழமை அலைஞ்சோம்.

பாட்டி போய் ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷத்தில் தாத்தா ஏழு கிலோ குறைஞ்சுட்டார். வியாதி எதுவும் இல்லை. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துட்டு, "சாப்பிட மாட்டேங்கறார், அவ்வளவுதான். பிடிச்சதைக் குடுங்க"ன்னு சொல்லிட்டார். எங்க வீட்டில் அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. மதியத்துக்கு ஒரு கேட்டரிங்கில் இருந்து சாம்பார், ரசம், கறி, கூட்டு வந்துடும். நங்கநல்லூரில் அதுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் ஸ்கூட்டரில் கேரியர் மாட்டிக்கிட்டுப் போகிறவர்களைத் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். குறை சொல்ல முடியாத சாப்பாடு. ஆனா தாத்தா ஒரு கரண்டி சாதத்தில் ரசம் விட்டுச் சாப்பிட்டு எழுந்துடுவார். அப்பா ஒரு ஹெல்த் ட்ரிங்க் டப்பா வாங்கி வச்சார். அது இன்னும் சீல் பிரிக்காமல் இருக்கு.

எனக்கு எட்டாவது செமஸ்டர். ப்ளேஸ்மென்ட் முடிஞ்சுது, ப்ராஜெக்ட் ரிவ்யூ மட்டும் பாக்கி. வீட்டில் வேலை வெட்டி இல்லாத ஒரே ஆள் நான். வருஷாப்திகம் முடிஞ்ச அடுத்த வாரம் தாத்தாகிட்ட, "சனிக்கிழமை சாயங்காலம் நாம ரெண்டு பேரும் வெளிய டிஃபன் சாப்பிடலாமா?"ன்னு கேட்டேன். "எதுக்குடா வீண் செலவு"ன்னார். ஆனா சட்டையைப் போட்டுக்கிட்டார்.

நங்கநல்லூரைத் தெரியாதவங்களுக்கு: பழவந்தாங்கல் ஸ்டேஷன்ல இறங்கி நேரா நடந்தா வர்ற ஊர். ஒரே கல்லில் செய்த 32 அடி ஆஞ்சநேயர் இங்கேதான் இருக்கார். 1995-ல கும்பாபிஷேகம் ஆச்சு. அவரைத் தவிர ராஜராஜேஸ்வரி, அர்த்தநாரீஸ்வரர், குருவாயூரப்பன்னு தெருவுக்கு ஒரு கோயில். இத்தனை கோயில் இருக்கிற இடத்தில் டிஃபன் கடை இல்லாமல் இருக்குமா? பிரதட்சணம் முடிஞ்சு வெளியே வந்தா காபி வாசனைதான். ரிடையர் ஆனவங்க நிறைய இருக்கிற ஊர் வேற. சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த மெஸ்ஸில் நுழைஞ்சாலும் நான்தான் அங்கே வயசில் சின்னவன்.

என் பிளான் ரொம்ப சிம்பிள். பாட்டி சமைச்ச மாதிரி சாப்பாடு எங்கே கிடைக்கும்னு கண்டுபிடிச்சு, தாத்தாவை அங்கே கூட்டிட்டுப் போகணும். பாட்டின்னாலே எனக்கு ஞாபகம் வர்றது மோர்க்களிதான். ஸ்கூல் விட்டு வந்ததும் அடுப்படியில் நின்னு வாணலியோட சூடா, தட்டில் போட்டு ஊதி ஊதிச் சாப்பிடுவோம். தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அதனால் அவருக்கும் அதுதான் உயிர்னு நான் முடிவு பண்ணிட்டேன். அவரைக் கேட்கலை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல் வாரம் ஆன்லைனில் ரிவ்யூ பார்த்து ஒரு 'பாரம்பரிய உணவகம்' போனோம். நங்கநல்லூர் இல்லை, கொஞ்சம் தள்ளி. வாசலில் ஆட்டுக்கல், உள்ளே அரிக்கேன் விளக்கு, தண்ணி செம்புச் சொம்பில். மெனு கார்டு பனையோலை மாதிரி பிரிண்ட் பண்ணியிருந்தது. மண் சட்டியில் பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர்மிளகாய் காம்போ 180 ரூபாய். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி விலையைப் பார்த்தார். "பழையதுக்கா?"ன்னார். பக்கத்து டேபிள் திரும்பிப் பார்த்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு காபி குடிச்சுட்டு வந்துட்டோம். காபியும் டபராவில் வராமல் மண் குவளையில் வந்தது. அதை எப்படி ஆத்தறதுன்னு தாத்தா என்னைக் கேட்டார். எனக்கும் தெரியலை.

ரெண்டாவது தடவை ஒரு இடத்தில் காஞ்சிபுரம் இட்லின்னு போர்டு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை நீங்க சாப்பிட்டிருந்தா தெரியும். அது வேற ஜாதி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வச்சு, மிளகு, சீரகம், சுக்கு போட்ட மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேக வைப்பாங்க. நீளமா வரும், வெட்டித்தான் கொடுக்கணும். இலை வாசனையும் சேர்ந்து இருக்கும். எங்களுக்கு வந்தது சாதா இட்லி, அதில் மஞ்சளும் ரெண்டு முந்திரியும். தாத்தா ஒன்றைச் சாப்பிட்டு, "இட்லிக்கு மஞ்சக்காமாலை"ன்னார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர் அடிச்ச முதல் ஜோக் அது. அந்த ஹோட்டலுக்கு நான் அஞ்சு ஸ்டார் ரேட்டிங் போட்டேன்.

மூணாவது, நாலாவது, அஞ்சாவது வாரங்களில் நங்கநல்லூருக்குள்ளேயே சுத்தினோம். அடை அவியல், அரிசி உப்புமா, சேவை. அடையில் ஒரு விஷயம் கவனிச்சேன். பாட்டி அடையைக் கனமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அதில் எண்ணெய் விடுவாள். ஹோட்டல் அடை தோசை மாதிரி மெல்லிசாக இருக்கும். ஏன்னு யோசிச்சா விடை நம்ம சிலபஸ்லயே இருக்கு. கனமான அடை வேக ஆறேழு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் அதே கல்லில் மூணு தோசை எடுத்துடலாம். சாயங்காலக் கூட்டத்தில் கல்தான் பாட்டில்நெக். மாஸ்டர் மேல தப்பே இல்லை, த்ரூபுட் தான் பிரச்சினை. இதைத் தாத்தாகிட்ட விளக்கினேன். "நாலு வருஷம் ஃபீஸ் கட்டினது வீண் போகலை"ன்னார்.

மோர்க்களி ஏன் மெனுவில் வர்றதில்லைங்கறதும் இதே மாதிரி கதைதான். அரிசி மாவில் இருக்கிறது ஸ்டார்ச். தண்ணியோட சூடாகும்போது, ஏறக்குறைய 70 டிகிரியில், அந்த மணிகள் தண்ணியை உறிஞ்சி ஊதி வெடிச்சுக் குழைஞ்சுடும். களி பளபளன்னு ஆகி வாணலியை விட்டுச் சுருண்டு வர்றது அப்போதான். பதம் பார்க்க ஒரு வழி உண்டு. கையைத் தண்ணியில் நனைச்சுத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஆனா இறக்கி ஆறினதும் அதே ஸ்டார்ச் மறுபடி இறுக ஆரம்பிச்சுடும். பத்து நிமிஷத்தில் வேற பொருள், ஒரு மணி நேரத்தில் துண்டு போடலாம். துண்டு போட்டுச் சாப்பிடற வீடுகளும் உண்டு, அது தனி ருசி. ஆனா எங்க வீட்டு மோர்க்களி சுடச்சுடத்தான். சாம்பாரை அண்டாவில் வச்சுக் காலையிலிருந்து ராத்திரி வரை ஊத்தலாம். பொங்கலில் நெய் விட்டு விட்டு இளக்கிக்கலாம். மோர்க்களியை ஆர்டர் வந்ததும் ஒருத்தர் நின்னு கிளறணும், ஒரு பிளேட்டுக்கும் அதே கைவலிதான். எந்த முதலாளி ஒத்துப்பார்?

நானே செஞ்சும் பார்த்தேன். அவசரத்தில் காய்ஞ்சுக்கிட்டிருந்த மோரில் மாவைக் கொட்டிட்டேன். வெளியே வெந்து உள்ளே மாவாக, கோலி குண்டு சைஸில் கட்டி கட்டியாக வந்தது. அம்மா பார்த்துட்டு வாணலியை ஊறப் போட்டுட்டுப் பேசாமல் போயிட்டாங்க.

பொங்கல் லீவெல்லாம் முடிஞ்சு ஒரு சனிக்கிழமை. மார்க்கெட் பக்கம் போய்ட்டு வர்றப்போ ஒரு சின்ன மெஸ் வாசலில் கரும்பலகை. சாக்பீஸில், 'இன்று மாலை ஸ்பெஷல்: மோர்க்களி, 5 மணி முதல்.' எனக்குக் கை கால் ஓடலை. வீட்டுக்கு ஓடிப்போய்த் தாத்தாவைக் கூட்டிட்டு வந்தேன். நாலே டேபிள். ஒரு மாமி உள்ளே கிளறிக்கிட்டிருந்தாங்க, நல்லெண்ணெயும் பெருங்காயமும் தெரு வரைக்கும் வாசனை. அஞ்சரைக்குத் தட்டு வந்தது. வாழை இலைத் துண்டு மேலே, ஆவி பறக்க, நடுவில் ஒரு மோர்மிளகாய்.

ஒரு வாய் போட்டதும் எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. பொய் சொல்லலை. அதே புளிப்பு, அதே வழவழப்பு. தாத்தா அழப் போறார்னு நினைச்சு டிஷ்யூவை ரெடியா வச்சுக்கிட்டேன். அவர் ரெண்டு விரலால் எடுத்துச் சாப்பிட்டார். "நன்னா பண்ணியிருக்கா"ன்னார். பாதி சாப்பிட்டுட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்திட்டார்.

"என்ன தாத்தா, பிடிக்கலையா?"

"எனக்கு எங்கடா மோர்க்களி பிடிக்கும்? உனக்குன்னா பிடிக்கும். நீ ஸ்கூல்லேருந்து வந்து கேப்பியேன்னு பண்ணுவா. மிச்சத்தை நான் சாப்பிடுவேன்."

நான் ஒண்ணும் சொல்லலை. அவரே தொடர்ந்தார். "நீ வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம் அவ பண்றதையே விட்டுட்டா."

அப்போதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் பாட்டி அதைத் துண்டு போட்டு லஞ்ச் பாக்ஸில் வச்சுக் கொடுத்தாள். டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவன் இங்கிலீஷில், "இதென்ன, பசையா?"ன்னு கேட்டான். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. எங்க ஸ்கூலில் தமிழில் பேசினால் ஃபைன். மோர்க்களிக்கு ஃபைன் இல்லை, அதைவிட மோசம், ஒரு மாசத்துக்கு என் பேரே பசைன்னு ஆயிடுச்சு. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாட்டிகிட்டக் கத்தினேன். "இனிமே இந்தக் கருமத்தைப் பண்ணாதே"ன்னு. நான் சொன்னது லஞ்ச் பாக்ஸைப் பத்தித்தான்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். பாட்டி அப்படி எடுத்துக்கலை. அதுக்கப்புறம் ஏழு வருஷம் எங்க வீட்டில் மோர்க்களி கிடையாது, நான் அதைக் கவனிக்கவும் இல்லை. சாயங்காலம் நூடுல்ஸ் கேட்டேன், வந்தது. காலேஜ் வந்ததும் ஸ்விக்கி.

ஆக நாலு மாசமாக நான் தேடினது தாத்தாவுக்காக இல்லை. அந்த மெஸ்ஸில் தட்டு ரெண்டையும் காலி பண்ணிட்டு எழுந்தேன். பில் 120 ரூபாய். மாமிகிட்ட ஏதாவது சொல்லணும்னு தோணிச்சு. "ரொம்ப நல்லா இருந்தது ஆன்ட்டி"ன்னு மட்டும் சொன்னேன்.

திரும்பி நடக்கும்போது, ஏதோ ரொம்ப லேட்டாக் கேட்கிறோம்னு தெரிஞ்சே, கேட்டேன். "சரி தாத்தா, உனக்கு என்னதான் பிடிக்கும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "ரத்னா கஃபே சாம்பார் இட்லி."

இதை அவர் யாருகிட்டயும் சொன்னதே இல்லையாம். யாரும் கேட்கலையாம்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் ஏறினா கவர்ன்மென்ட் எஸ்டேட் வரைக்கும் மாறவே வேண்டாம், லிஃப்ட் இருக்கு, எண்பதை நெருங்கற ஆளைக் கூட்டிட்டுப் போக இதைவிட வசதி கிடையாது. சைதாப்பேட்டையில் ரயில் பூமிக்குள்ளே போயிடும். ஏஜி-டிஎம்எஸ் ஸ்டேஷன் வந்ததும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் 36 வருஷம் வேலை பார்த்தது அந்த ஏஜி ஆபீஸில்தான். "என் தலைக்கு மேலதான் என் ஸீட் இருக்கு"ன்னார்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1968-ல வந்தவர் அவர். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், ஒரு ரூமில் நாலு பேர். சமைக்க வசதி கிடையாது. மாசத்தில் இருபத்தஞ்சு நாள் மெஸ் சாப்பாடு. சம்பளம் வந்த வாரம் மட்டும் திருவல்லிக்கேணி ஹைரோடில் ரத்னா கஃபே. அது 1948-ல ஆரம்பிச்ச கடை. இதில் வேடிக்கை, இவ்வளவு பேர் மெட்ராஸ் சாம்பார்னாலே இதுதான்னு சத்தியம் பண்ற அந்தக் கடையைத் தொடங்கினது வடக்கேயிருந்து வந்த ஒரு குப்தா குடும்பம். தாத்தா கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டியைக் கூட்டிட்டுப் போனது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கதீட்ரல் ரோடில், இப்போ செம்மொழிப் பூங்கா இருக்கிற இடம். 1962-ல திறந்து 2008-ல மூடிட்டாங்க. அந்த உட்லண்ட்ஸை ஆரம்பிச்ச கிருஷ்ண ராவும் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாம 'நம்ம ஊர் டிஃபன்'னு சொல்றதில் பாதியை நம்ம ஊருக்குப் பொழைக்க வந்தவங்கதான், அதே மாதிரி பொழைக்க வந்த தாத்தாக்களுக்குப் போட்டிருக்காங்க. அவங்க வீட்டு அடுப்பு எங்கேயோ முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

ரத்னா கஃபேயில் இட்லி தனியா, சாம்பார் தனியா கிண்ணத்தில் வராது. தட்டில் ரெண்டு இட்லியை வச்சு, அது முழுகற வரைக்கும் சாம்பாரை ஊத்துவாங்க. ஸ்பூனால் இட்லியை உடைச்சுக் கலக்கிச் சாப்பிடணும். குறையக் குறைய வாளியோட வந்து மறுபடி ஊத்துவாங்க. கொஞ்சம் இனிப்பு, நல்ல வெங்காய வாசனை. உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அது பிரமாதமாகத் தோணலை. நல்லா இருந்தது, அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைக்கலை.

தாத்தா தலை நிமிரலை. முதல் ரெண்டு இட்லி முடிஞ்சுது. சாம்பார் மூணு தடவை. அப்புறம் இன்னொரு பிளேட் சொல்லச் சொன்னார். பாதியில் நிறுத்தி, "உங்க பாட்டிக்கு இது பிடிக்கவே பிடிக்காது"ன்னார். "ஒரு சம்பள நாள் தூக்குல வாங்கிண்டு போனேன். 'ஏன், என் சாம்பாருக்கு என்ன குறைச்சல்'னு ரெண்டு நாள் பேசலை. அப்புறம் நான் இங்க வர்றதையே விட்டுட்டேன்." எத்தனை வருஷம்னு கேட்டேன். ஸ்பூனைக் கீழே வச்சுட்டுக் கணக்குப் போட்டார். நாற்பத்தஞ்சுக்கு மேல இருக்கும்னார். அப்புறம் மறுபடி சாப்பிட ஆரம்பிச்சார்.

பாட்டியோட சாம்பாரா, இதுவான்னு நான் கேட்கலை. நீங்களா இருந்தா கேட்டிருப்பீங்களா?

போன வாரம் எடை பார்த்தோம். ஒண்ணரைக் கிலோ கூடியிருக்கு. டாக்டர் உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்; ஹோட்டல் போற விஷயத்தை அம்மா அவர்கிட்டச் சொல்லலை. எனக்கு ஜூலையில் புனேயில் ஜாயினிங். அதுக்குள்ளே இன்னும் பதினஞ்சு சனிக்கிழமை இருக்கு. அந்த மெஸ்ஸில் மோர்க்களி மாசத்துக்கு ஒரு தடவைதானாம், போன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். அந்த மாமிகிட்டக் கிளறக் கத்துக்கலாமான்னும் கேட்டிருக்கேன். "மாவு கரைக்கறது பச்சைத் தண்ணி சூட்டுல இருக்கணும், அடுப்புல இல்லை"ன்னு சிரிச்சாங்க.

இந்த சனிக்கிழமை தாத்தா பூரி கிழங்குன்னு சொல்லியிருக்கார். எந்தக் கடைன்னு கேட்டா, "முதல்ல மெட்ரோல ஏறு, சொல்றேன்"ங்கறார்.